கர்ட் வார்னர்: சூப்பர்மார்க்கெட் கதையில் விட்டுப்போன வருடங்கள்

கேள்வி இதுதான்: "சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று அமெரிக்க ஃபுட்பாலில் சாம்பியன் ஆனார் என்கிறார்களே, உண்மையா? ஒரு குவார்ட்டர்பேக்கின் வாழ்க்கை எப்படித்தான் இருக்கும்?"

உண்மைதான். அவர் பெயர் கர்ட் வார்னர். 1994 இல் அயோவா மாநிலத்தின் சீடர் ஃபால்ஸ் ஊரில், ஹை-வீ என்ற கடையில் இரவு ஷிஃப்டில் அலமாரிகளில் சாமான் அடுக்கினார். மணிக்கு ஐந்தரை டாலர் கூலி. 2000 ஜனவரி 30 அன்று அட்லாண்டாவில், அமெரிக்க ஃபுட்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்று, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். இரண்டும் நடந்தவை. ஆனால் கேள்வியில் இருக்கும் "திடீரென்று" என்ற சொல்லை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நடுவே ஐந்து வருடங்கள் இருக்கின்றன. அந்த ஐந்து வருடங்களில்தான் அவர் ஆட்டக்காரராக உருவானார். சாம்பியன் ஆனதற்கு அப்புறம் பத்து வருடங்கள் இருக்கின்றன. அவற்றில் அவர் விழுந்து எழுந்த கதை, என் பார்வையில், முதல் கதையைவிடப் பெரியது.

முதலில் அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பார்கள். நான்கு முயற்சிக்குள் பந்தை 10 கெஜம் முன்னே கொண்டுபோனால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். கிட்டத்தட்ட ஒவ்வொரு முயற்சியும் குவார்ட்டர்பேக்கின் கையில்தான் தொடங்குகிறது. ஒரு முயற்சி முடிந்து அடுத்தது தொடங்க 40 வினாடி. என்ன ஆடவேண்டும் என்று கோச் சொல்வது அவருடைய ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். 15 வினாடி மிச்சமிருக்கும்போது அந்தக் குரல் நின்றுவிடும். அதற்குப் பிறகு எதிரே நிற்கும் 11 பேரின் கால்களையும் தோள்களையும் பார்த்து அவர்கள் திட்டத்தைக் கணிப்பது, வேண்டுமானால் தன் அணியின் திட்டத்தை மாற்றுவது, எல்லாம் அவர் ஒருவர் பொறுப்பு. பந்து கைக்கு வந்த பின் சுமார் 3 வினாடி. அதற்குள் 120, 130 கிலோ ஆட்கள் மேலே விழ ஓடிவருவார்கள். அவர்களைப் பார்க்காமல், தூரத்தில் ஓடும் ரிசீவரை, அதாவது இவர் எறியும் பந்தைப் பிடிக்கவேண்டிய தன் அணி ஆளைப் பார்க்கவேண்டும். கிரிக்கெட்டில் கேப்டன், தொடக்க ஆட்டக்காரர், விக்கெட் கீப்பர் மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் எப்படி, கிட்டத்தட்ட அப்படி.

இதில் இடமும் மிகக் குறைவு. மற்ற பல இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். குவார்ட்டர்பேக் ஒருவர்தான் ஆடுவார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். 1994 இல் என்எஃப்எல் என்ற முதன்மைத் தொழில்முறை லீக்கில் 28 அணிகள். அதாவது அந்த நாட்டில் உண்மையான குவார்ட்டர்பேக் வேலை 28 தான்.

வார்னர் 1971 இல் மிஸிஸிப்பி நதிக்கரையில் உள்ள பர்லிங்டனில் பிறந்தவர். சீடர் ராபிட்ஸில் பள்ளிப் படிப்பு. அவருக்குப் பந்து பிடிக்கும் ரிசீவராகத்தான் ஆசை. கோச் குவார்ட்டர்பேக் ஆக்கினார். ஆள் அடிக்க வந்தால் பையன் இடத்தைவிட்டு ஓடிவிடுவான் என்பதால் அவனுக்கென்றே ஒரு பயிற்சி வைத்தார்கள்: எதிரே இருப்பவர்கள் அடித்து வீழ்த்த வருவார்கள், இவன் நின்ற இடத்தைவிட்டு நகராமல் பந்தை எறியவேண்டும். பின்னாளில் எந்தக் குணத்துக்காக வார்னர் பெயர் வாங்கினாரோ, அதாவது அடி விழப்போகிறது என்று தெரிந்தும் கடைசி நொடிவரை அசையாமல் நின்று எறிவது, அது அந்த மைதானத்தில் பழக்கிவிட்டது.

கல்லூரி, நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகம். பெரிய பெயருள்ள அணி கிடையாது. அங்கேயும் நான்கு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசி வருடமான 1993 இல்தான் இடம் கிடைத்தது, கிடைத்த உடனே தங்கள் கான்ஃபரன்ஸின், அதாவது தங்களோடு ஆடும் கல்லூரி அணிகளின் பிரிவில், சிறந்த தாக்குதல் வீரர் ஆனார். கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். 1994 டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அணி பயிற்சி முகாமுக்கு மட்டும் கூப்பிட்டது. அங்கே ஏற்கெனவே பிரெட் ஃபாவ்ர், மார்க் பிரனெல், டை டெட்மர் என்று மூன்று குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். ஒருநாள் பயிற்சியில் "நீ இறங்கு" என்று கோச் சொன்னபோது வார்னர் மறுத்துவிட்டார். ஆட்டத் திட்டங்கள் இன்னும் மனதில் பதியவில்லை, தயாராக இல்லை என்று அவருக்கே தோன்றியது. சீசன் தொடங்குமுன் அனுப்பிவிட்டார்கள்.

அதை அவரே பின்னால் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். யாரோ அவர் திறமையை மதிக்கத் தவறினார்கள் என்றுதான் இந்தக் கதையைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். 1994 இன் வார்னர் அந்த வேலைக்குத் தயாராகவில்லை என்பதும் சேர்ந்ததுதான் கதை.

அப்போதுதான் ஹை-வீ கடை. பகலில் பழைய கல்லூரி அணியோடு பயிற்சி, ராத்திரி கடை. அதற்குள் பிரெண்டாவைச் சந்தித்திருந்தார். அவர் கடற்படைக் காலாட்படையில் இருந்து வந்தவர், விவாகரத்தானவர், இரண்டு குழந்தைகள். மூத்த பையன் கைக்குழந்தையாக இருந்தபோது, குளிப்பாட்டுகையில் அவனைப் பெற்ற தகப்பன் கை தவறிக் கீழே போட்டதில் தலையில் பலமாக அடிபட்டு, பெரும்பாலும் பார்வையை இழந்தவன். இரண்டு குழந்தைகள் இருப்பதைப் பிரெண்டா முதல் சந்திப்பிலேயே சொன்னார். இதோடு இந்த ஆள் வரமாட்டார் என்று நினைத்தார். மறுநாள் காலையில் வார்னர் ஒரு ரோஜாவோடு வாசலில் வந்து நின்றார், குழந்தைகளைப் பார்க்கவேண்டும் என்று. கடையில் வேலை பார்த்த காலத்தில் பிரெண்டாவின் பெற்றோர் வீட்டு நிலவறையில்தான் எல்லோரும் இருந்தார்கள். அரசாங்க உணவுக் கூப்பனில் வீட்டுச் செலவு ஓடிய நாட்களும் உண்டு. 1996 ஏப்ரலில் ஆர்கன்சாவில் அடித்த சூறாவளியில் பிரெண்டாவின் பெற்றோர் இருவருமே இறந்துபோனார்கள். 1997 அக்டோபரில் வார்னரும் பிரெண்டாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் இரண்டு குழந்தைகளையும் சட்டப்படி தத்தெடுத்தார்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். கடை வேலை சில மாதங்கள்தான். 1995 இலிருந்து மூன்று வருடம் டெமாயின் நகரத்தில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்கு ஆடினார். இது அரீனா ஃபுட்பால். கூரையுள்ள அரங்கில், 50 கெஜ மைதானத்தில், பக்கத்துக்கு 8 பேர். சாதாரண மைதானத்தில் பாதி நீளம். அகலமும் பாதிதான். எல்லாமே இரண்டு மடங்கு வேகத்தில் நடப்பதுபோல் இருக்கும். பந்து கைக்கு வந்த மறு நொடியில் போயாகவேண்டும், ரிசீவருக்கும் அவரைத் தடுக்கும் எதிரணிக் காவலருக்கும் நடுவே ஒரு முழ இடம் இருந்தால் அதிலேயே போடவேண்டும். அந்த அணியை 1996, 1997 இரண்டு வருடமும் இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். இரண்டிலும் தோல்வி.

பெரிய லீக் ஆட்கள் அரீனா ஆட்டத்தை சர்க்கஸ் மாதிரிப் பார்த்தார்கள். வார்னரின் பழைய ஆட்டப் பதிவுகளை வரிசையாக உட்கார்ந்து பார்த்தால், அந்தச் சின்ன மைதானம்தான் அவருடைய கையை வேகமாக்கியது என்று தெரியும். பந்தைக் காதருகே கொண்டுபோய் எறிவதற்குள் ஒரு கண்சிமிட்டல்கூட ஆகாது. 1999 இல் எதிரணிகளுக்குப் புரியாமல் போனது அந்த வேகம்தான்.

நடுவில் சிகாகோ பேர்ஸ் அணி சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டது. தேனிலவுக்கு ஜமைக்கா போயிருந்த இடத்தில் எறியும் கையின் முழங்கையில் ஏதோ சிலந்தி கடித்து வீங்கிவிட்டது, போக முடியவில்லை. அப்புறம் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் என்ற ஐரோப்பிய லீக் அணியின் கோச் ஆல் லுகின்பில் இவருக்காகப் பல என்எஃப்எல் அணிகளிடம் பேசினார். ஏதாவது ஒரு என்எஃப்எல் அணி ஒப்பந்தம் போட்டு அனுப்பினால்தான் ஐரோப்பாவில் ஆட வார்னருக்கு நம்பிக்கை வரும். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் மட்டும் சரி என்றது. 1998 வசந்தத்தில் ஆம்ஸ்டர்டாமில் ஆடி, எறிந்து முன்னேறிய கெஜம், எறிந்து கிடைத்த டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) இரண்டிலும் அந்த லீக்கில் முதலிடம். அங்கே அவருக்கு மாற்றாக பெஞ்சில் இருந்தவர் ஜேக் டெலோம். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

ராம்ஸில் அந்த வருடம் மூன்றாவது ஆள். மொத்த சீசனில் 11 முறை எறிந்தார், 4 பிடிபட்டது, 39 கெஜம். 1999 இல் கிளீவ்லாண்டில் புதிய அணி உருவானபோது மற்ற அணிகள் தங்களுக்கு அவசியமில்லாத சிலரைப் பட்டியலிட்டு, "வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விடவேண்டும். ராம்ஸ் வார்னரை அந்தப் பட்டியலில் வைத்தது. கிளீவ்லாண்டும் எடுக்கவில்லை.

அந்த ஆகஸ்டில், பயிற்சி ஆட்டம் ஒன்றில், ராம்ஸின் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போய்விட்டது. நிருபர்கள் முன்னால் கோச் டிக் வெர்மீல் கண்கலங்கினார். கர்ட் வார்னரை நம்பி ஒன்றாக நிற்போம், நல்ல ஆட்டம் ஆடுவோம் என்று அழுகையோடு சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பலருக்கு வார்னர் யார் என்றே தெரியாது. முந்தைய வருடம் 16 ஆட்டத்தில் 4 மட்டும் ஜெயித்த அணி அது.

அந்த வருடம் 13 வெற்றி. வார்னர் எறிந்தது 4,353 கெஜம், 41 டச் டவுன். லீக்கின் எம்விபி, அதாவது அந்த சீசனின் சிறந்த வீரர். அவரைச் சுற்றி இருந்தவர்களையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது: பந்தை ஏந்தி ஓடும் மார்ஷல் ஃபாக், ரிசீவர் ஐசக் புரூஸ், முதல் வருட ரிசீவர் டோரி ஹோல்ட், இடது பக்கம் காவல் நின்ற ஒர்லாண்டோ பேஸ். தாக்குதல் திட்டம் மைக் மார்ட்ஸுடையது. அவர் திட்டத்தில் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே, அவர் வரப்போகும் வெற்றிடத்துக்குப் பந்து போய்விட வேண்டும். அரீனாவில் பழகிய கைக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

சூப்பர் பௌலில் அந்தக் கடைசி எறிதலை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எதிரே டென்னஸி டைட்டன்ஸ். 16-0 என்று முன்னிலையில் இருந்த ராம்ஸை அவர்கள் 16-16 என்று எட்டிப் பிடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மிச்சம். விலா எலும்பில் வலியோடு வார்னர் வருகிறார். முதல் முயற்சியிலேயே எல்லா ரிசீவர்களும் நேராகத் தூர ஓடும் திட்டம். வலப்பக்கம் ஓடும் புரூஸைப் பார்த்துக் கையை உயர்த்தும்போது டைட்டன்ஸின் ஜெவோன் கியர்ஸ் வந்து அடிக்கிறார். அந்த அடியால் பந்து போகவேண்டிய தூரம் போகவில்லை, கொஞ்சம் முன்னாலேயே இறங்குகிறது. புரூஸ் அதைப் பார்த்துவிட்டு ஓட்டத்தைக் குறைத்துப் பின்வாங்கிப் பிடிக்கிறார். காவலருக்கு அது தெரியவில்லை, அவர் தாண்டிப் போய்விடுகிறார். 73 கெஜம், டச் டவுன். அது பறந்தபோது வார்னர் தரையில் கிடந்தார். மறுபுறம் டைட்டன்ஸ் கடைசி நொடியில் ஒரு கெஜம் பாக்கி வைத்துத் தடுக்கப்பட்டது. ராம்ஸின் மைக் ஜோன்ஸ், பந்தோடு வந்த கெவின் டைசனின் கால்களைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 23-16. வார்னர் அன்று எறிந்த 414 கெஜம் அப்போதைய சூப்பர் பௌல் சாதனை.

2001 இல் மறுபடி எம்விபி, மறுபடி சூப்பர் பௌல். இம்முறை நியூ இங்கிலாந்திடம் 20-17 தோல்வி. எதிரணியில் இருந்த இளைஞர் டாம் பிரேடிக்கு அது முதல் கோப்பை.

இங்கிருந்து கீழே இறக்கம். எறியும் கையில் எலும்பு முறிந்தது. 2002 இல் அவர் தொடங்கிய 6 ஆட்டமும் தோல்வி. 3 டச் டவுன், 11 முறை எதிரணி பந்தைப் பிடித்துக்கொண்டது. 2003 இன் முதல் ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக 6 முறை பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டார், தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி வேறு. இளைஞர் மார்க் பல்ஜர் அவர் இடத்தைப் பிடித்தார். 2004 இல் ராம்ஸ் வார்னரை விடுவித்தது. ஜயன்ட்ஸில் சேர்ந்தார், 9 ஆட்டத்தில் 5 ஜெயித்துக் கொடுத்தார். ஆனால் அவர்கள் ஈலை மானிங் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை வளர்க்க விரும்பினார்கள், மறுபடி பெஞ்ச். 2005 இல் அரிசோனா கார்டினல்ஸ். அடுத்த வருடமே அவர்கள் மாட் லைனார்ட் என்ற இளைஞரை முதல் சுற்றில் எடுத்தார்கள். மூன்று அணிகளில் மூன்று இளைஞர்களுக்கு இடம் விட்டாயிற்று.

இந்தத் தொழிலில் பெரும்பாலோர் இங்கே முடிந்துபோவார்கள். வயது 35. பந்து நழுவும் கை என்று பெயர் வேறு. வார்னர் இரண்டு கையிலும் கையுறை போட்டுக்கொண்டு ஆட ஆரம்பித்தார், குவார்ட்டர்பேக்குகள் அரிதாகச் செய்வது. லைனார்ட் 2007 இல் காறை எலும்பு முறிந்து வெளியேறியபோது உள்ளே வந்தவர், 2008 இல் இடத்தைப் போட்டியிட்டு ஜெயித்தார். கார்டினல்ஸ் அணி கடைசியாக சாம்பியன் ஆனது 1947 இல். அந்த அணியை, 9 வெற்றி 7 தோல்வி என்ற சுமாரான கணக்கோடு பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்குக் கொண்டுபோய், வரலாற்றில் முதன்முறையாக சூப்பர் பௌலுக்கும் கொண்டுபோனார். வழியில் கரோலினாவை 33-13 என்று வீழ்த்தினார்கள். எதிரணியின் குவார்ட்டர்பேக் ஆம்ஸ்டர்டாமில் இவருக்குப் பின்னால் பெஞ்சில் இருந்த அதே டெலோம். அன்று அவருக்கு 34 ஆவது பிறந்தநாள். 5 முறை பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது. அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு டெலோமைப் பார்த்துத்தான் மனம் கனத்தது.

2009 பிப்ரவரி 1, டாம்பாவில் பிட்ஸ்பர்க்குடன் இறுதி ஆட்டம். முதல் பாதி முடிய 18 வினாடி. டச் டவுன் கோட்டிலிருந்து ஒரு கெஜத்தில் கார்டினல்ஸ். வார்னர் அன்குவான் போல்டினுக்கு எறிகிறார். தன்னைத் தாக்க ஓடிவருவார் என்று அவர் கணித்த பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசன் ஓடிவருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பின்வாங்கி, பந்தைப் பிடித்து 100 கெஜம் ஓடி டச் டவுன் போட்டுவிட்டார். முன்னிலைக்குப் போயிருக்கவேண்டிய அணி 17-7 என்று பின்தங்கியது. மேலே சொன்ன கணிப்பு வேலை என்பது இதுதான். ஒருவர் எந்தப் பக்கம் காலெடுத்து வைப்பார் என்று தவறாகக் கணித்தால் 14 புள்ளி கைமாறும். அப்படியும் மனம் விடாமல் ஆடி, லாரி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எறிந்த 64 கெஜ டச் டவுனால் 23-20 என்று முன்னே வந்தார்கள். 2 நிமிடம் 37 வினாடி பாக்கி. பிட்ஸ்பர்க் 35 வினாடி பாக்கி இருக்கும்போது ஒரு டச் டவுன் போட்டு ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. 27-23.

அடுத்த சீசனிலும் வந்தார். நவம்பரில் தலையில் அடிபட்டதன் அறிகுறிகளால் ஒரு ஆட்டம் உட்காரவேண்டி வந்தது. 2010 ஜனவரி 16 அன்று நியூ ஆர்லியன்ஸில், எதிரணி பிடித்துக்கொண்ட பந்தைத் துரத்தி ஓடியபோது, பக்கத்திலிருந்து வந்த பாபி மெக்ரேயின் அடியில் மல்லாந்து விழுந்தார். இரண்டாம் பாதியில் எழுந்து வந்து ஆடத்தான் செய்தார். ஆனால் 13 நாள் கழித்து ஓய்வை அறிவித்தார். வயது 38, ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடமும் அதற்கான பெரும் பணமும் இருந்தன. அதைவிட்டுப் போனதை நான் அவருடைய மிகச் சரியான முடிவுகளில் ஒன்றாக நினைக்கிறேன்.

மொத்தம் 32,344 கெஜம், 208 டச் டவுன். 2017 இல், ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். டிராஃப்டில் யாரும் எடுக்காமல் வந்து, லீக் எம்விபி, சூப்பர் பௌல் எம்விபி இரண்டையும் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அரிசோனாவின் கிளெண்டேலில், அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள இளைஞர்கள் முடிந்தவரை தாங்களாகவே வாழ்வதற்கு டிரெஷர் ஹவுஸ் என்று ஒரு குடியிருப்பை 2018 இல் அவரும் பிரெண்டாவும் திறந்தார்கள். வளர்ந்துவிட்ட மூத்த மகன் எங்கே எப்படி வாழ்வான் என்று இருவரும் யோசித்ததிலிருந்து பிறந்தது அது.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், சூப்பர் பௌல்களை விட்டுவிட்டு, 2010 ஜனவரி 10 அன்று கிரீன் பே பேக்கர்ஸுடன் அரிசோனாவில் நடந்ததைப் பாருங்கள். 1994 இல் அனுப்பிவிட்ட அதே அணி. 38 வயது வார்னர் 33 முறை எறிந்தார், 29 பிடிபட்டது, 5 டச் டவுன். கீழே விழுந்த பந்து நான்கு மட்டும். கூடுதல் நேரத்தில் 51-45. அவர் ஜெயித்த கடைசி ஆட்டம் அது.